பத்துக் குப்பியும் ஒரு பழுப்பு ஆம்பூலும்

(இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் அதன் பக்கவிளைவுகளும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2025இல் ஒரு செல்போன் வீடியோ கூமாப்பட்டியைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மலையடிவாரம், பிளவக்கல் அணை, தென்னந்தோப்பு, வாய்க்காலில் சலசலக்கும் தண்ணீர். பார்த்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தத் தண்ணீரில் வேறொரு சங்கதியும் தெரியும். தண்ணீர் பாயும் வயலில் தவளை இருக்கும், வரப்பு வளையில் எலி இருக்கும், இரண்டையும் தேடிக்கொண்டு வருவதும் இருக்கும். இருட்டிய பிறகு அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘பூச்சி’ என்பார்கள். மடை மாற்றப் போனவரைப் ‘பூச்சி தொட்டிருச்சு’ என்று சேதி வந்தால் வீட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வண்டிச் சாவியைத்தான் தேடுவார்கள்.

வண்டி வத்திராயிருப்புக்குப் போகும், அல்லது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அங்கே ஏற்றப்படும் மருந்துக்கு ஊரில் ‘பாம்பு ஊசி’ என்று பெயர், ஆஸ்பத்திரியில் ‘ஏ.எஸ்.வி.’ புத்தகம் அதை இம்யூனோகுளோபுலின் என்று எழுதும். ஓர் உயிரின் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளை எடுத்து, அது உருவாக நேரமில்லாத இன்னொருவருக்குக் கடனாகக் கொடுப்பது. இந்தக் கடன் சாதாரண மக்களின் வாழ்க்கையில் பெரும்பாலும் மூன்று வாசல் வழியாக நுழைகிறது. பாம்புக்கடிக்கும் வெறிநாய்க் கடிக்கும் பெரும்பாலும் குதிரை கொடுக்கிறது. நரம்பையும் நோய் எதிர்ப்பையும் தாக்கும் சில நோய்களுக்கு முகம் தெரியாத மனிதர்கள் கொடுக்கிறார்கள். கடனுக்கு வட்டி உண்டு, அதுதான் பக்கவிளைவு. வட்டியைக் கட்ட வழி இருக்கும்போது, அதற்குப் பயந்து கடனே வாங்காமல் உயிரை விடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய கொடுமை. இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

பாம்பு ஊசியின் கதை வியட்நாமில் தொடங்குகிறது. 1891இல் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் சைகோனில் இருந்தார். வெள்ளத்தில் நாகங்கள் குடியிருப்புகளுக்குள் ஏறிக் கடிக்க, அவர் கவனம் நஞ்சின் பக்கம் திரும்பியது. அடுத்த சில ஆண்டுகளில் நச்சு முறிவுச் சீரம் பிறந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கு இதே வழியில் சீரம் கண்ட எமில் ஃபான் பேரிங் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். கைதட்டல் ஓய்வதற்குள் குறைகளும் தெரிய ஆரம்பித்தன. சீரம் போட்டுக்கொண்ட குழந்தைகள் ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம் என்று திரும்பி வந்தார்கள். வியன்னாவில் கிளெமன்ஸ் ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும் இதை ஆராய்ந்து 1905இல் ‘சீர நோய்’ பற்றித் தனி நூலே எழுதினார்கள். மறு வருஷம் பிர்கே ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார். அந்தச் சொல் ‘அலர்ஜி’. கத்தரிக்காய் அலர்ஜி, தூசி அலர்ஜி என்று தெருவுக்குத் தெரு புழங்கும் இந்த வார்த்தையின் பிறப்பில் குதிரைச் சீரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் கிடைக்கும் ஏ.எஸ்.வி. நான்கு பாம்புகளுக்கானது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதற்கான நஞ்சில் பெரும் பகுதி, 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது; இடம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலி. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றபோது பலருக்கு இது புதுச் செய்தியாக இருந்தது. நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதை ரத்த நீரிலிருந்து பிரித்து, பெப்சின் என்ற நொதியால் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, உலர வைத்துக் குப்பியில் அடைப்பார்கள். கரைத்த மருந்து 1 மில்லிலிட்டர், நல்ல பாம்பு நஞ்சிலும் கண்ணாடி விரியன் நஞ்சிலும் 0.6 மில்லிகிராமையும், மற்ற இரண்டின் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும் என்பது கணக்கு.

உலர்ந்த மருந்தைக் கரைக்கும் காட்சியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேசையில் பத்துக் குப்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு கட்டி. நர்ஸ் ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி சுத்த நீரை ஏற்றுகிறார். வெளியே கடிபட்டவரின் மச்சான் அவசரப்படுத்துகிறார்: “சட்டுன்னு குலுக்கிப் போடுங்க சிஸ்டர்!” நர்ஸ் குலுக்குவதில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே குப்பியை வைத்து, குளிரில் கையைத் தேய்ப்பதுபோல் மெதுவாக உருட்டுகிறார். குலுக்கினால் நுரை வரும். நுரையில் புரதம் திரண்டுகொள்ளும். பால்கோவா ஊர்க்காரர்களுக்குத் திரிந்த பாலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திரண்ட புரதம் நஞ்சையும் சரியாக முறிக்காது, ரத்தத்தில் ஏறினால் உடம்பையும் வம்புக்கு இழுக்கும். பக்கவிளைவைச் சமாளிக்கும் வேலை ஊசி ஏறிய பிறகு தொடங்குவதல்ல, இந்த உருட்டலிலேயே தொடங்கிவிடுகிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இவருக்கு இந்த மருந்து தேவையா? கடித்தது தண்ணீர்ப் பாம்பாக இருக்கலாம், சாரையாக இருக்கலாம். நல்ல பாம்பே கடித்தும் நஞ்சு இறங்காமல் போயிருக்கலாம். பல் பட்டிருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் பத்துக் குப்பி ஏற்றினால் பலருக்கு வட்டி மட்டும் மிஞ்சும். விரியன் கடியா என்று பார்க்க எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தத்தை எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் சரி, தண்ணீராக ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் ஆகாது. கட்டு விரியனுக்கும் நல்ல பாம்புக்கும் இந்தச் சோதனை பேசாது. அங்கே கண் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தேவை என்று முடிவாகிவிட்டால் யோசிக்க இடமில்லை. நஞ்சு ஏறியவருக்கு ஏ.எஸ்.வி. கூடாது என்று சொல்லும் நிலைமை எதுவும் இல்லை. ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி என்று யாரானாலும் கொடுக்கத்தான் வேண்டும். கூடுதல் எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தைக்கும் பெரியவருக்குத் தருகிற அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைத்து இறக்குவதில்லையே.

பழைய வழக்கம் ஒன்று இன்னும் சில இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது: ‘டெஸ்ட் டோஸ்’. தோலில் துளி மருந்தைப் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, தடித்தால் அலர்ஜி, தடிக்காவிட்டால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்வது. உலக சுகாதார நிறுவனம் இதை வேண்டாம் என்கிறது. தடிக்காதவருக்கு அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை வருகிறது, தடித்தவர் சும்மா இருக்கிறார். காரணம், பென்சிலின் அலர்ஜி வரும் பாதையில் இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வருவதில்லை. அந்நியப் புரதம் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும்போது உடலின் ‘காம்ப்ளிமென்ட்’ என்ற காவல் ஏற்பாடு நேரடியாகக் கிளர்ந்துவிடுகிறது. அதைத் தோலில் போடும் ஒரு துளியால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காத்திருக்கும் அரை மணியில் நஞ்சு மட்டும் முன்னேறும்.

எத்தனை பேருக்கு ஒவ்வாமை வரும்? இதற்கு நல்ல பதில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இலங்கையிலும் இந்திய ஏ.எஸ்.வி.தான் பயன்பாட்டில் இருந்தது. 1999இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மருந்துக்கு முன்பே 0.25 மில்லி அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்ட 56 பேரில் 6 பேருக்குத்தான் உடனடி ஒவ்வாமை வந்தது. போடாத 49 பேரில் 21 பேருக்கு வந்தது. பிறகு 2005 முதல் 2008 வரை 1,007 நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனை ஒன்றை நடத்தினார்கள். முடிவு 2011இல் வெளியானது. நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருந்தது. வந்தவற்றில் 43 சதவீதம் கடுமையானவை.

இந்த எண்ணைக் கேட்டு மிரளுகிறவர்கள் அதே ஆய்வின் மற்ற எண்களையும் கேட்க வேண்டும். முன்கூட்டியே போட்ட சிறு அளவு அட்ரினலின், முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. நம் ஆஸ்பத்திரிகளில் கைப்பழக்கமாகப் போடும் அவில் வகை மருந்தும் ஹைட்ரோகார்டிசோனும் எப்படி? அலர்ஜி மருந்தாக அங்கே சோதித்த புரோமெத்தசின் தடுக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோனும் தடுக்கவில்லை, அட்ரினலினோடு சேர்ந்தபோது அதன் பலனையும் கெடுத்தது போலத் தெரிந்தது. பல வருஷமாக மனநிம்மதிக்காகப் போட்டுவந்த ஊசிகள் மனநிம்மதியை மட்டுமே தந்திருக்கின்றன. முன்கூட்டி அட்ரினலின் போடுவதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. முற்றிய வயது, இதய நோய், அதிக ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவர் எடைபோட்டுத்தான் முடிவெடுப்பார்.

இன்னோர் எண் அதைவிட முக்கியமானது. வந்த ஒவ்வாமைகளில் 89 சதவீதம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவை. ஆக, ஆபத்துக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் உண்டு: கட்டிலோரம், முதல் அறுபது நிமிடம். ட்ரிப்ஸை ஓட விட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போகாமல் ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். அனுபவசாலியான நர்ஸ் உறவினர்களையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார். “அக்கா, உங்க வீட்டுக்காரரு உள்ளங்கையச் சொறியிறாரான்னு பாத்துக்கிட்டே இருங்க. இருமுனாலும் வயிறு வலிக்குதுன்னு சொன்னாலும் உடனே கூப்பிடுங்க.” பெரும்பாலும் அரிப்புத்தான் முதலில் கதவைத் தட்டும். பிறகு தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிவது. சிலருக்கு ஒரே ஒரு தடிப்பு வந்த கையோடு நிலைமை மோசமாகும். அதனால் ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ட்ரிப்ஸை நிறுத்த வேண்டும். 1 மில்லி ஆம்பூலில் 1 மில்லிகிராம் அட்ரினலின் இருக்கும். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் அது பழுப்புக் கண்ணாடியில் வருகிறது. பெரியவருக்கு அதில் பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி. ஐந்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் மறுபடியும். கூடவே ஆக்சிஜன், சலைன், காலை உயர்த்திப் படுக்க வைத்தல். அவிலும் ஹைட்ரோகார்டிசோனும் இதற்குப் பிறகுதான். எல்லாம் அடங்கியதும் ஏ.எஸ்.வி.யை மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அதிகம் மறந்துபோகிறது. ஒவ்வாமை வந்தவருக்குள் நஞ்சு அப்படியேதானே இருக்கிறது!

குளிர்நடுக்கம் வேறு ரகம். பல் கிட்டித்து உடம்பு தூக்கிப்போடும், காய்ச்சல் ஏறும். மருந்துத் தயாரிப்பில் நுழைந்த நுண்ணுயிர் நச்சின் மிச்சம் இதற்குக் காரணம். வேகத்தைக் குறைத்து, பாராசிட்டமால் கொடுத்து, போர்த்திவிட்டால் பெரும்பாலும் அடங்கும். பார்க்கிறவர்களுக்கு வலிப்புபோல இருக்கும் என்பதால் கூச்சல் அதிகமாகும்.

எந்த ஊரிலும் கேட்கக்கூடிய ஒரு வாக்கியம் உண்டு: “இங்க போட்டு அலர்ஜி ஆயிட்டா எங்களால பாத்துக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க.” சொல்கிறவர் கெட்டவர் அல்ல. தனி ஆளாக ராத்திரி டியூட்டியில் இருப்பவர். அசம்பாவிதம் நடந்தால் கூட்டம் கூடும் என்று பயப்படுபவர். ஆனால் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கட்டு விரியன் கடித்தவரின் மூச்சுத் தசைகள் அந்த இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. இதில் எத்தனை பேர் வழியிலேயே போனார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. எந்த ஊரில் எத்தனை குப்பி தேவை என்பதாவது இனிக் கணக்கில் வரும்.

மலையடிவாரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும். கடித்தால் சிலருக்கு ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். நம் ஏ.எஸ்.வி.யில் இதற்கு மருந்து இல்லை. சுருட்டை என்று நினைத்துக் குப்பி குப்பியாக ஏற்றினால் பலன் வராது, ஒவ்வாமை வரும். தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு நடப்பவர்களும் தோட்டக்காரர்களும், முடிந்தால் தள்ளி நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவது இன்னொரு கடியில்தான் முடியும்.

நாய்க்கடிக்கு வருவோம். நாய்க்குப் பெயர் போன ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் போக முடியாது. ரத்தம் வரும்படி கடித்தால் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காயத்தைக் காவல் காக்க இம்யூனோகுளோபுலின் வேண்டும். குதிரையினது என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதனது என்றால் 20. காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியபின், காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். விரல் நுனிக் கடியில் இது உயிர் போகிற வலி; அதற்காகவே சிலர் இடுப்பில் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். வைரஸ் இருப்பது விரலில். இங்கேயும் தோல் சோதனை தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2018 நிலைப்பாடு. சுத்திகரித்த இன்றைய குதிரைச் சீரத்தால் கடும் ஒவ்வாமை மிக அரிது. அட்ரினலின் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆகிவிட்டால் சீரம் வேண்டாம். அதற்குள் சொந்த உடம்பே எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

மனிதக் கொடையாளர்களின் இம்யூனோகுளோபுலினுக்குக் குணம் வேறு. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், எதிர்ப்பொருளே இல்லாத எட்டு வயதுச் சிறுவனுக்கு இதைத் தோலுக்கடியில் போட்டு வந்தார். இப்போது நரம்பில் ஏற்றும் வகைதான் பரவலாக உள்ளது. ‘ஐ.வி.ஐ.ஜி.’ என்பார்கள். 2025 ஜனவரியில் புனேயில், நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே நோய் பரவியபோது இந்தப் பெயர் செய்திகளில் அடிபட்டது. ஒரு குப்பியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எதிர்ப்பொருள் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த நோய்க்கு ஒரு நாளைக்கு 24 கிராம், ஐந்து நாள். 5 சதவீதக் கரைசல் என்றால் தினம் ஏறக்குறைய அரை லிட்டர். இங்கே வில்லன் பெரும்பாலும் வேகம். மணிக்கு 30 மில்லியில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை நாடியும் அழுத்தமும் பார்த்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ‘சீக்கிரம் முடிச்சுட்டா பஸ்ஸப் பிடிச்சிரலாம்’ என்று கூடவந்தவர் உருளையைத் திருகினால் தலைவலி, நடுக்கம், முதுகுவலி என்று உடம்பு கணக்குத் தீர்க்கும். போதுமான தண்ணீர், தேவையானால் முன்கூட்டி ஒரு பாராசிட்டமால். பாதிப் பிரச்சினை அதிலேயே முடியும்.

மீதிப் பாதி வீட்டுக்குப் போனபிறகு வரக்கூடியது. ஓரிரு நாளில் மண்டை பிளக்கும் தலைவலியும் கழுத்து இறுக்கமும் வந்தால், அது கிருமியில்லாத மூளையுறை அழற்சியாக இருக்கலாம். வயதானவர்களுக்கு ரத்தக்கட்டு ஏற்படலாம். ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி வந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் குறைவதையும், நிறம் தேயிலைத் தண்ணீர்போல் மாறுவதையும் கவனிக்க வேண்டும். மால்ட்டோஸ் கலந்த சில தயாரிப்புகளுக்குப் பிறகு, சில வகைச் சர்க்கரைமானிகள் இல்லாத சர்க்கரையைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டவர்கள் ஆபத்தில் மாட்டியிருக்கிறார்கள். கவாசாகி நோய்க்கு இந்த மருந்து பெற்ற குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். கடன் வாங்கிய எதிர்ப்பொருள் அந்த ஊசியையும் முறித்துவிடும். அம்மாவின் கையில் உள்ள தடுப்பூசி அட்டையில் இதை எழுதிக் கொடுத்தால் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் குழப்பம் வராது.

குதிரையே இல்லாத காலம் வருமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2024இல் செயற்கையாக உருவாக்கிய மனித எதிர்ப்பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். நாக வகைகளின் ஒரு முக்கிய நச்சுக் குடும்பத்தை அது எலிகளில் தடுத்தது. அதே சுனகரின் முந்தைய ஆய்வுகள், ஒரே இனப் பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டின. வட தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து வேறு மாநிலத்துப் பாம்புக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் இன்னும் பத்துக் குப்பி ஏறும். குப்பி கூடக் கூட அந்நியப் புரதமும் ஒவ்வாமையும் கூடும். அந்தந்த வட்டாரத்துக்கென்று மருந்து வேண்டும் என்ற கோரிக்கையில் பக்கவிளைவின் நியாயமும் அடங்கியிருக்கிறது.

கடைசியாக, பிர்கே பார்த்த அந்தச் சீர நோய். பாம்பு கடித்தவர் பிழைத்து வீடு திரும்புகிறார். உறவெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எட்டாம் நாள் காய்ச்சல். உடம்பெல்லாம் தடிப்பு, முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி மடக்க முடியவில்லை. “விஷம் முழுசா இறங்கல போல” என்று ஒரு பெரியம்மா சொல்கிறார். வீட்டில் இருப்பவர்கள் மந்திரிக்கப் புறப்படுகிறார்கள், வேர் அரைத்துக் கொடுக்கிறார்கள், பத்தியம் போடுகிறார்கள். நஞ்சு போய் ஒரு வாரமாகிவிட்டது. இது குதிரைப் புரதத்தோடு உடம்பு போடும் காலங்கடந்த சண்டை. அலர்ஜி மாத்திரையோ, அதற்குக் கட்டுப்படாவிட்டால் சில நாள் பிரெட்னிசலோன் மாத்திரையோ போதும். ஆனால் அது அந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்? டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது. “ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், அரிப்பு, மூட்டுவலி வந்தால் இந்தச் சீட்டோடு இங்கேயே வாருங்கள். இது விஷம் அல்ல, மருந்தின் ஒவ்வாமை” என்று பெரிய எழுத்தில் எழுத அரை நிமிடம் ஆகும்.